பப்ளிக் எனிமி ஆல்பத்தை எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து தமிழில் ராப் ஆல்பம் போடப் போகிறாராம். தோட்டத்து விஷயம், ஐசி என்கிற அடையாள அட்டை விஷயம், வேலை விஷயம் எல்லாம் அதில் வர வேண்டும் என்று ஆசை. "அரசியல் ராப் என்றால் அமெரிக்க ராப் குழு பப்ளிக் எனிமியின் 1988 ஆல்பத்தைக் கேள் என்கிறார்கள். கேட்டேன். ஒரே இரைச்சல், தலைவலிதான் மிச்சம். இதில் அப்படி என்ன அரசியல் இருக்கிறது? நம் ஊர்க் கதையை இந்த மாதிரிப் பாட முடியுமா? எல்லாப் பாட்டும் அரசியலாகத்தான் இருக்க வேண்டுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, தலைவலி வந்தது நல்ல அறிகுறி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்' என்ற அந்த ஆல்பத்தைச் செய்தவர்கள் வேண்டுமென்றேதான் அந்த இரைச்சலைக் கட்டினார்கள். அதன் இரண்டாவது பாட்டின் பெயரே 'பிரிங் தி நாய்ஸ்'. சத்தத்தைக் கொண்டு வா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். ஆனால் புதிதாகக் கேட்பவர் முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போனால் மூன்றாவது பாட்டிலேயே களைத்துவிடுவார். நீங்கள் 12-ஆவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். 'பிளாக் ஸ்டீல் இன் தி அவர் ஆஃப் கேயாஸ்'. அடுத்து 14-ஆவது, 'ரெபெல் விதவுட் எ பாஸ் (Pause)'. அப்புறம் 11-ஆவது, 'நைட் ஆஃப் தி லிவிங் பேஸ்ஹெட்ஸ்'. இந்த மூன்றும் காதில் படிந்த பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

முதலில் இவர்கள் யார் என்பது. பப்ளிக் எனிமி நியூயார்க் நகரத்து பிராங்ஸ் சேரியில் பிறந்த குழு இல்லை. லாங் ஐலண்ட் என்ற புறநகர்ப் பகுதிக்காரர்கள். கோலாலம்பூரும் இல்லாமல், கம்போங்கும் இல்லாமல், தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தாமான் குடியிருப்புக்கு மாறி வந்த குடும்பங்கள் வாழும் சுங்கை சிப்புட்டைப் போன்ற ஓர் இடைநிலை இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் முதன்மைக் குரலான சக் டி அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்தவர். துப்பாக்கிக் குறிக்குள் நிற்கும் கறுப்பு மனிதனைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற சின்னத்தை வடிவமைத்தவரும் அவர்தான். ஹாங்க் ஷாக்லி, பில் ஸ்டெஃப்னி முதலானவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் டபிள்யூபிஏயு வானொலியைச் சுற்றி வளர்ந்தவர்கள். டெஃப் ஜாம் என்ற இசை நிறுவனத்தின் ரிக் ரூபின் ஒப்பந்தத்துக்கு விடாமல் துரத்தியபோது, ராப் பாட எனக்கு வயதாகிவிட்டது என்று சக் டி தயங்கினாராம். ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு 27 வயது. பதினெட்டு வயதுப் பையனின் கோபம் வேறு, வானொலி நடத்தி, நாளிதழ் படித்து, வேலைக்குப் போய் வந்த மனிதனின் கோபம் வேறு. இந்த ஆல்பத்தில் கேட்பது இரண்டாவது வகை.

ராப் இசையைக் கறுப்பர்களின் சிஎன்என் என்ற பொருளில் சக் டி பேசியது பிறகு ரொம்பப் பிரபலமாகிவிட்டது. அதை வெறும் பஞ்ச் டயலாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது வானொலிக்காரர்கள் கட்டிய ஆல்பம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மௌனம் இல்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் 1987-இல் நடந்த நிகழ்ச்சியின் கூட்டச் சத்தம், சைரன், அறிவிப்பாளர் குரல் எல்லாவற்றையும் இடையிடையே ஓடவிட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேர ஒலிபரப்பு மாதிரி இதை அமைத்தார்கள். கேசட்டின் இரண்டு பக்கமும் நேரம் சமமாக வர வேண்டும், ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போடும்போது காலி நாடா ஓடக்கூடாது என்பது வரை யோசித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில் ஹாங்க் ஷாக்லி மாற்றிப் போட்டார். இன்று ஒவ்வொரு பாட்டாகக் கைப்பேசியில் தாவிக் கேட்கும்போது இந்த வேலை எதுவும் தெரியாது.

காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1986 டிசம்பரில் நியூயார்க் ஹோவர்ட் பீச்சில் வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று துரத்த, மைக்கேல் கிரிஃபித் என்ற கறுப்பு இளைஞர் நெடுஞ்சாலையில் ஓடி கார் மோதி இறந்தார். ரீகன் ஆட்சியின் கடைசி வருடங்கள். கிராக் என்ற மலிவான கொக்கைன் தெருத்தெருவாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்த ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான், 1987 அக்டோபரில், இங்கே ஓப்ராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை நடந்தது. எதிர்க்கட்சிக்காரர்களான கர்ப்பால் சிங், பி. பட்டு, வி. டேவிட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகள் நிறுத்தப்பட்டன. அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டான 'டோன்ட் பிலீவ் தி ஹைப்' முழுக்கப் பத்திரிகைகளையும் விமர்சகர்களையும் பற்றியது. எழுதியதை எல்லாம் நம்பாதே என்று அவர்கள் அங்கே பாடிக்கொண்டிருக்க, எழுதவே ஆளில்லாத நிலை இங்கே இருந்தது. இரண்டுக்கும் உள்ள தூரத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது வரும்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். இசையமைத்த கூட்டத்துக்கு பாம் ஸ்குவாட் என்று பெயர். ஹாங்க் ஷாக்லி, கீத் ஷாக்லி, எரிக் சாட்லர், கூடவே வேறு பெயரில் சக் டி. இவர்கள் ஒரு பழைய பாட்டை எடுத்து அதன்மேல் பாடவில்லை. பத்துப் பாட்டிலிருந்து பத்துத் துணுக்குகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுருதி ஒன்றோடொன்று லேசாக மோதும்படி விட்டார்கள். இப்படித் துணுக்குகளைப் பதிந்து ஒலிக்கவிடும் கருவிக்குச் சாம்பிளர் என்று பெயர். எஸ்பி-1200 போன்ற அன்றைய சாம்பிளரில் மொத்தமே பத்து வினாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். அதனால்தான் எல்லாம் துண்டு துண்டாக, ஒரு கத்தல், ஒரு முரசு அடி, யாரோ பேசிய அரை வாக்கியம் என்று வருகிறது.

'ரெபெல் விதவுட் எ பாஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கெண்டியில் தண்ணீர் கொதித்து விசில் அடிப்பதைப் போல ஒரு கிறீச்சிடல் விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஜேம்ஸ் பிரவுனின் பக்கவாத்தியக் குழுவான ஜேபிஸ் வாசித்த ஒரு துண்டிலிருந்து வெட்டிய சாக்ஸஃபோன் சத்தம் அது. மூலப் பாட்டில் ஒரு நொடி வந்துபோகும் உற்சாகக் கூச்சல். இங்கே சுழலவிட்டதும் அபாய மணியாகிவிட்டது. அடியில் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' தாளம். கேட்பவருக்கு மெட்டு முணுமுணுக்கக் கிடைக்காது. உட்காரவும் முடியாது. அந்த நிலையில் சக் டியின் கனத்த குரல் வந்து விழுகிறது. விளையாட்டு வர்ணனையாளர்களைக் கேட்டு வளர்ந்த குரல், அந்த மிடுக்கு உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம். உறுமி மேளம் இருக்கிறது. உறுமியின் ஒரு பக்கத்துத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது ஒரு முனகல் வருமே, அதில் சுரம் என்று எதைச் சொல்வது? காவடி எடுப்பவருக்கு அந்த முனகல்தான் காலைத் தூக்கிவிடுகிறது. தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் உறுமிப் பையன்களைப் பற்றி முகம் சுளிக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பக்தியைக் கெடுக்கிற சத்தமாம். யாருடைய சத்தம் இசை, யாருடைய இசை சத்தம் என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதுதான் 'பிரிங் தி நாய்ஸ்' எழுப்பும் கேள்வியும். இந்த ஆல்பத்தின் அரசியலில் பாதி, ஒரு சொல்கூட வருவதற்கு முன்பே ஒலியில் முடிந்துவிடுகிறது என்பேன். வரிகளை மட்டும் படித்துவிட்டு அரசியலைத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இப்போது 'பிளாக் ஸ்டீல்'. இதைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன். ஐசக் ஹேய்ஸின் பாட்டிலிருந்து எடுத்த ஒரு பியானோ துணுக்கு, மெதுவாக, திரும்பத் திரும்ப. மற்றப் பாட்டுகளின் வேகம் இதில் இல்லை. கதை இது: அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. ராணுவத்துக்கு ஆள் தேவை, வா என்கிறது. என்னை ஒரு மனிதனாக மதிக்காத நாட்டுக்காக நான் ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று அவன் மறுக்கிறான். சிறை. அங்கே கூட இருக்கும் கைதிகளோடு சேர்ந்து ஒரு காவலரின் துப்பாக்கியைப் பறித்துத் தப்பிக்கத் திட்டம் போடுகிறான். இடையிடையே குழுவின் இன்னொரு பாடகரான ஃபிளேவர் ஃபிளேவ் தொலைபேசியில் பேசுவது போலக் குறுக்கிடுகிறார். அந்தக் குரல் மட்டும் தொலைபேசிக் கம்பி வழியாக வருவது போல மெலிந்து, கரகரத்து ஒலிக்கும். உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் என்பது அந்த ஒலி வித்தியாசத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கவனியுங்கள், பாட்டில் 'இனவெறி ஒழிக' என்ற கோஷம் இல்லை. ஒரு கடிதம் இருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்கிற ஆள் இருக்கிறான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்புகிறது. கடிதத்துக்குப் பயப்படும் பழக்கம் நமக்குத் தெரியாததா? 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில், பிறந்ததிலிருந்து இங்கேயே பால் மரம் வெட்டி ரப்பர் எடுத்தவர்கள் பலர் குடியுரிமைத் தாள் இல்லாமல் கப்பல் ஏறினார்கள். அறுபது வயதிலும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசியோடு பதிவிலாகா வாசலில் நிற்கிற பாட்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மலாய் மொழியில் வரும் நோட்டீஸ். அதைப் படித்துக் காட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிடும் அப்பா. ஒரு பாட்டுக்கு இது போதும், தம்பி. 'எங்கள் உரிமை எங்கே' என்று நாற்பது தடவை கத்துவதைவிட, அந்த நோட்டீஸில் எத்தனை நாள் தவணை என்று எழுதியிருந்தது, அன்று வீட்டில் என்ன குழம்பு கொதித்தது என்று சொன்னால் கேட்கிறவன் நிமிர்வான்.

அடுத்து 'பேஸ்ஹெட்ஸ்'. கிராக் போதையில் நடைப்பிணமாகிப் போன தன் மக்களைப் பற்றியது. இதில் சக் டி வெள்ளைக்காரனை மட்டும் திட்டவில்லை. சொந்தத் தெருவில் சொந்தப் பிள்ளைகளுக்கு விற்கிற கறுப்பு வியாபாரியையும் நிற்கவைத்துக் கேட்கிறார். அதனால்தான் அந்தப் பாட்டு இன்னும் கூர்மையாக இருக்கிறது. நம் பக்கத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் இருக்கிறது. அதற்கு முன்னால் தோட்டத்துக் கள்ளுக்கடை இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் மட்டும் இல்லை. பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும், பெண் தொழிலாளர்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். குடிக்கிறவனைக் கேலி செய்யவில்லை, கடையை நிர்வாகத்தின் பிரச்சினையாக மாற்றினார்கள். நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். சம்சுவைப் பற்றி நீங்கள் பாடுவதாக இருந்தால் அந்தக் கோரிக்கைப் பட்டியலை முதலில் தேடிப் படியுங்கள். சைக்கிளைப் பற்றிய அந்த ஒரு கோரிக்கையே ஒரு பல்லவிக்குப் போதும்.

இந்த ஆல்பத்தில் பெயர்கள் நிறைய வரும். வேண்டுமென்றே விளக்கம் தராமல் விட்டிருக்கிறார்கள். கறுப்பர் உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் உரையிலிருந்து வெட்டிய குரலோடுதான் 'பிரிங் தி நாய்ஸ்' தொடங்குகிறது. 'ரெபெல்' பாட்டில் செசிமார்ட் என்று ஒரு பெயர் வேகமாகக் கடந்து போகும். அது கறுப்பர் விடுதலைப் போராளி அசாட்டா ஷக்கூரின் முந்தைய பெயர், சிறையிலிருந்து தப்பி கியூபாவுக்குப் போனவர். கடைசிப் பாட்டில் எஃப்பிஐ தலைவராக இருந்த ஜே. எட்கர் ஹூவர் வருகிறார், பிளாக் பாந்தர் இயக்கத்தை எப்படி நசுக்கினார்கள் என்ற பேச்சு வருகிறது. 1988-இல் இதைக் கேட்ட பிள்ளைகளுக்கு இணையம் கிடையாது. யார் இந்த ஆள் என்று நூலகத்துக்குப் போய்த் தேடியிருக்கிறார்கள், பெரியவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஆல்பம் பாடம் நடத்தவில்லை. தேட வைத்தது.

உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு பெயருக்குப் பஞ்சம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டும் சுங்கை சிப்புட் வட்டாரம். அந்த அவசரகாலத்தில் மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்திய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். ஆயுதம் தூக்கியவர், சங்கம் கட்டியவர், மந்திரியாக இருந்து நிலம் வாங்கித் தந்தவர் என்று மூன்று வழியும் நம் கதையிலேயே ஓடியிருக்கிறது. இவர்களில் யார் சரி என்று பாட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பெயரைப் போடுங்கள், தேதியைப் போடுங்கள், நகருங்கள். கேட்கிற பையன் தாத்தாவிடம் போய்க் கேட்கட்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தைக் கும்பிடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. 'ஷீ வாட்ச் சேனல் ஸீரோ' பாட்டு இசையில் பிரமாதம். ஸ்லேயர் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார் துணுக்கை ராப் தாளத்தில் ஓடவிட்டது அன்றைக்குப் பெரிய துணிச்சல். ஆனால் விஷயம் என்ன? டிவி தொடர் பார்த்துக் கெட்டுப்போகிற பெண்ணைத் திட்டுவது. ஆண் எங்கே போனான் என்ற கேள்வியே இல்லை. தமிழில் இதே பாட்டை எழுதத் தோன்றும், மெகாத்தொடர் இருக்கிறது, கைதட்டும் கிடைக்கும். தயவுசெய்து எழுதாதீர்கள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, ஒட்டுப்பால் நாற்றத்தோடு திரும்பி வந்த பெண்தான் இரவு ஏழரை மணிக்குத் தொடர் பார்க்கிறாள். அவளைப் பாட வேண்டுமென்றால் நான்கு மணியிலிருந்து பாடுங்கள்.

இன்னொன்று பெரிய கறை. குழுவில் தகவல் அமைச்சர் என்ற பட்டத்தோடு இருந்த புரொஃபசர் கிரிஃப் 1989-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் யூதர்களைப் பற்றி வெறுப்பாகப் பேசினார். பெரிய கொந்தளிப்பு. அவரை நீக்கினார்கள், சேர்த்தார்கள், மறுபடி நீக்கினார்கள், குழுவே கலைவது போல ஆகித் திரும்பியது. யூத வெறுப்புப் பேச்சுக்காகக் கண்டிக்கப்பட்ட நேஷன் ஆஃப் இஸ்லாம் தலைவர் லூயிஸ் ஃபராகானைப் போற்றும் வரிகள் 1988 ஆல்பத்திலேயே இருக்கின்றன. ஒடுக்கப்பட்டவன் பேசுகிறான் என்பதற்காக அவன் சொல்கிற எல்லாமே நியாயமாகிவிடாது. நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள். 'நம்ம வேலையைப் பிடுங்கிட்டான்' என்று ஒரு வரி நாக்கு நுனியில் தயாராக இருக்கும். நம் தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது அவரைப் பற்றியும் யாரோ அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சாம்பிளிங், அதாவது பிறர் பாட்டிலிருந்து துணுக்கு வெட்டி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 'காட் (Caught), கேன் வி கெட் எ விட்னஸ்' என்ற பாட்டில், மற்றவர்கள் இசையைத் திருடியதாகத் தன்னை நீதிமன்றத்தில் நிறுத்தியது போலக் கற்பனை செய்து சக் டி வாதாடுகிறார். மூன்று வருடத்தில் அது நிஜமானது. 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீதான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்பிளிங் திருட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் பணம் கட்ட வேண்டும் என்றானது. ஒரே பாட்டில் பத்துத் துணுக்குகளை அடுக்கும் இந்த வகை ஆல்பத்தைச் சட்டப்படி செய்வது கட்டுப்படியாகாத காரியமாகிவிட்டது. ஆகவே பழைய எம்ஜிஆர் பாட்டை வெட்டி ஒட்டலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பாலைச் சேகரிக்கிற லோரி பின்னால் வரும்போது அடிக்கிற பீப் பீப், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விலை கூவுகிறவர், முனியாண்டி கோயில் மணி, உறுமி அண்ணன்மார் ஒத்திகை, ஆயா ஒருவர் அனுமதியோடு சொல்கிற கதை. இதற்கெல்லாம் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். வேறு எவனிடமும் கிடைக்கவும் கிடைக்காது.

நமக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். பொயெட்டிக் அமோ குழு 1998-இல் போட்ட முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என்று நான்கு மொழியிலும் ராப் வந்தது. அதே குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் ஆகியோருடன் நட்சத்ரா குழுவாக 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 'மடை திறந்து' தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது. தமிழ் ராப்பின் உச்சரிப்பு, அடி பிரிக்கும் விதம் இரண்டையும் இவர்கள்தான் பழக்கினார்கள். அவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் தன்னம்பிக்கை அரசியல்: எழு, முன்னேறு, தமிழன் என்று தலைநிமிர். அது தேவைப்பட்ட காலம். சம்பளச் சீட்டையும் நோட்டீஸையும் வைத்துப் பாடுகிற வேலை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது, அந்த இடம் உங்களுக்குத்தான்.

'மாட்டிக்கொள்வோமா?' என்ற பயம் கேள்வியில் எழுதப்படாமல் இருக்கிறது, தெரிகிறது. அமெரிக்காவில் பப்ளிக் எனிமிக்கு அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு இருந்தது. இங்கே 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் இருக்கிறது, 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இருக்கிறது. 2007-இல் தேசிய கீதத்தை வைத்து ராப் செய்த மலேசியச் சீனப் பாடகர் நேம்வீ விசாரணைக்கு ஆளானதும், பிறகு 2016-இல் ஒரு வீடியோவுக்காகக் கைதானதும் ஊரறிந்த விஷயம். இனம், மதம், அரண்மனை மூன்றையும் வசைபாடி ஒரு வரிகூட வேண்டாம். அதில் வீரமும் இல்லை. நீதிமன்றப் பதிவிலோ நாளிதழிலோ இருக்கிற உண்மையை, தேதியோடு, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். 2009 ஜனவரியில் போலிஸ் காவலில் ஏ. குகன் இறந்தார், 2013-இல் உயர்நீதிமன்றம் போலிசையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கித் தீர்ப்புச் சொன்னது. இதைத் தாளத்தில் சொல்ல வசைச்சொல் ஒன்றுகூட வேண்டியதில்லை. தொழிலாளர் பக்கம் நிற்கிற வழக்கறிஞர் யாரிடமாவது வரிகளைக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

கடைசிக் கேள்வி, எல்லாப் பாட்டும் அரசியலாக இருக்க வேண்டுமா என்பது. வேண்டாம். 16 தடங்களில் நான்காவதைக் கேட்டீர்களா? 'கோல்ட் லாம்பின் வித் ஃபிளேவர்'. கழுத்தில் பெரிய கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிற ஃபிளேவர் ஃபிளேவ் வாய்க்கு வந்ததை உளறுகிற பாட்டு அது, தலையும் இல்லை காலும் இல்லை. அவரை டெஃப் ஜாம் நிறுவனத்துக்கு முதலில் பிடிக்கவில்லை, இவர் எதற்கு என்று கேட்டார்களாம். சக் டி விடவில்லை. அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். ஒரு மணி நேரம் முழுக்கச் சக் டியே பேசியிருந்தால் அது பொதுக்கூட்டம். நடுவில் இந்த ஆள் 'ஆமாண்ணே, சொல்லுண்ணே' என்று குதிப்பதால்தான் நாமும் பக்கத்தில் நின்று கேட்கிறோம். உங்கள் மூன்று பேரில் ஒருவர் நிச்சயம் அப்படி இருப்பார். மாமாக் கடையில் தே தாரேவை வைத்துக்கொண்டு யாரையும் பேசவிடாமல் சிரிக்க வைக்கிறவர். ஆல்பத்தில் ஒரு பாட்டை முழுசாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். வரிகளைத் திருத்தாதீர்கள்.